கேட்கிற பக்கம்

முதல் வருடம் ஒரு மண்டையோட்டைக் கையில் கொடுத்தார்கள்.
பிளாஸ்டிக்தான். இருந்தும் இரண்டு கையால் வாங்கினேன்.
மூக்கெலும்புக்கு ஓர் அளவு, தாடைக்கு ஓர் அளவு.
நண்டுக்கொடுக்கு போல் வளைந்த அந்தக் கருவியை
அடுத்த பெஞ்சு ஜெசிந்தாவின் நெற்றியில் வைத்தபோது
கூச்சத்தில் சிரித்துவிட்டாள்.
சிரிப்பை நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
யாரும் சொல்லித் தரவில்லை.

ஏழு பேர் சேர்ந்தோம்.
விடுதியில் இடம் கிடைக்கும் என்பதற்காகவே சேர்ந்தவன் ஒருவன்.
"மானுடவியலா? அதுக்கு என்ன வேலை கிடைக்கும்?"
கேட்காத கண்டக்டர் இல்லை.
ஜெசிந்தா இப்போது பெங்களூரில், ஷாம்பு கம்பெனிக்காக,
யார் யாருடைய குளியலறை வாசலிலோ நின்று
தலைக்கு எத்தனை சொம்பு என்று எண்ணுகிறாள்.
எங்களில் அவளுக்குத்தான் சம்பளம் அதிகம்.
இளம்பரிதி அருங்காட்சியகத்தில்
மூங்கில் குழல்களுக்கு நாப்தலின் உருண்டை வைக்கிறான்.
விடுதிக்காரன் வங்கியில்.
எனக்கு இது:
பதினோரு மாத ஒப்பந்தம், பயணப்படி தனி.
சாதிச் சான்று கேட்பவர்
அந்தச் சாதிதானா என்று போய்ப் பார்த்துவர வேண்டும்.

தாண்டிக்குடியில் இறங்கி
காப்பித் தோட்டத்துக்குள் நாற்பது நிமிடம்.
மழை விட்டிருந்தது, சில்வர் ஓக் விடவில்லை.
பவுனுத்தாய் நாற்காலி போட்டாள்.
அந்த வீட்டில் அது ஒன்றுதான்.
உட்கார்ந்து படிவத்தை விரித்தேன்.

சாமி? பளிச்சியம்மன்.
செத்தால்? புதைப்போம்.
தேன் எடுக்கத் தெரியுமா?
அவள் மகனைப் பார்த்தாள். மகன் ஜீப் சாவியைப் பார்த்தான்.
"பாறைக்குப் போனா கேஸ் போடுறாங்க.
போகாட்டி நீங்க பளியரே இல்லங்கிறாங்க."
முன்பு வந்தவரின் அறிக்கை என் பையில்தான் இருந்தது:
தேன் எடுக்கும் வழக்கம் இல்லை. செல்போன் உள்ளது.

பாலிதீன் பையிலிருந்து காகிதங்கள் வந்தன.
தாத்தா பளியன்.
அப்பா பளியர்.
மகள் அபிநயாவின் பள்ளிச் சான்றில்
யாரோ அவசரத்தில் எழுதியது, பழியர்.
ஒரே கூரைக்குக் கீழே மூன்று சாதி.
ஓர் எழுத்தில் பழி வந்து சேர்ந்திருந்தது.

அபிநயா பிளஸ் டூ. நர்சிங்குக்கு மனுப் போட்டிருக்கிறாள்.
அதுவரை கதவோரம் நின்றவள் கேட்டாள்:
"உங்க சாமி என்ன?"
சௌடேஸ்வரி.
"எரிப்பீங்களா, புதைப்பீங்களா?"
எரிப்போம், என்றேன். பிறகு, அப்பாவை எரித்தோம்.
"உங்க ஆளுங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்?"
நெசவு.
"உங்களுக்கு?"
தெரியாது.
"அப்ப சான்று எப்படிக் குடுத்தாங்க?"
வி.ஏ.ஓ. டீ குடித்துக்கொண்டே
கையெழுத்துப் போட்டார்.
டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

பவுனுத்தாய் மகளை அதட்டினாள்.
நான் பத்தி ஒன்பதில்
'ஜீப் ஓட்டுவதும் வழக்கம்' என்று எழுதினேன்.
அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.

ரோடு வரை அபிநயா கூட வந்தாள்.
என் கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டையை
புகையிலைத் துணுக்கை வைத்து உதிர்த்தாள்.
ரத்தம் நிற்க நேரமாகும், தேய்க்காதீங்க, என்றாள்.
பஸ் கீழ் வளைவில் ஹார்ன் அடித்தது.

"நீங்க படிச்சதைப் படிச்சா
கேக்குற பக்கம் உக்காரலாமா?"
உட்காரலாம். பதினோரு மாதம்.
சிரிக்காமல் என் பேனாவை வாங்கி
உள்ளங்கையில் எழுத ஆரம்பித்தாள்,
பாதியில் நிறுத்தினாள்.
"மானிடவியலா? மானுடவியலா?"
இரண்டும் ஒன்றுதான், எப்படி எழுதினாலும் சரி, என்றேன்.

என்னையே பார்த்தாள்.
"உங்க சர்ட்டிபிகேட்ல எது இருக்கு?
அதைச் சொல்லுங்க."